பரங்கிமலையில் தொடங்கிய இந்திய அளவைப் பணி: யார் இந்த லாம்டன்?

வெயில் பட்டால் எஃகுச் சங்கிலி நீளும். அதைக் கவனிக்காமல் அளந்தால் கணக்கு மொத்தமும் தப்பு. இதை நல்லா தெரிஞ்சு வைத்திருந்தவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் பிறந்த ராணுவ அதிகாரி இவர். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே, சுமார் 12 கி.மீ. நீளக் கோட்டை 100 அடி சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதுவோ கோடைக்காலம்! சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கு ஏற்ப நீளத்தைத் திருத்தினார்.

இந்தக் கோட்டின் மேல் முக்கோணங்களை அமைத்து, கோணங்களை அளந்தே தூரங்களைக் கணக்கிட்டார். 1808-ல் தஞ்சாவூர் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது, சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதிச் சேதமானது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சரிசெய்தார்.

1823-ல், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், பணி முடியும் முன்பே இறந்தார்.

அவர் அளந்தது அடிக்கணக்கில். நாம் மீட்டருக்கு மாறியது 1956 சட்டத்துக்குப் பிறகுதான். அலகு எதுவானாலும், முதலில் அளவுகோல் சரியா இருக்கணும்!