வடுவூர் துரைசாமி ஐயங்கார்

தமிழ் மக்களிடையே நாவல் வாசிக்கும் பழக்கத்தைப் பெருக்கியவர் யாவர் என ஆராயப் புகுவோமாயின், கற்றோர் சபையில் அரிதாகவே பேசப்படும் ஒருவரை நாம் மறத்தலாகாது. அவரே வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்.

அந்நாளைத் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த வடுவூரைத் தம் ஊராகக் கொண்ட இவர் 1880ஆம் ஆண்டிலே பிறந்தார். பி. ஏ. பட்டம் பெற்று அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தார். பட்டதாரி ஒருவர்க்கு அதனினும் மேலான பேறு இல்லையென உலகம் கருதிய காலம் அது. இவரோ அதனைத் துறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, எழுத்தையே சீவனோபாயமாகக் கொண்டார். 'மனோரஞ்சனி' என்னும் வெளியீட்டின் வாயிலாக இவருடைய நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'சௌந்தர கோகிலம்', 'மாயவிநோதப் பரதேசி' என்பன அவற்றுட் சில.

ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைப்போக்கை இவர் தழுவினார் என்பது மெய்யே. கதை வளர்த்தலில் மிகையும் தற்செயலும் மலிந்தன என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், தழுவியதைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்த திறம் இவருக்கே உரியது. இவர் படைத்த துப்பறிவாளர் மேனாட்டு உடை தரித்தவரல்லர். திகம்பர சாமியார் என்னும் பெயர் பூண்டவர். நாத்திமாரின் சூழ்ச்சிக்கு ஆளாகும் இளம் மனைவியின் துயரை 'மேனகா'விலே கண்ட வாசகர், அதனை அயலார் கதையென எண்ணவில்லை.

அக்கதை டி. கே. எஸ். சகோதரரால் மேடையேறி, 1935இல் திரைப்படமுமாயிற்று. 1942இல் ஆசிரியர் மறைந்தபின், 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' படத்தை வெளியிட்டது. பழைய எகிப்தைத் தென்னாட்டுடன் தொடர்புபடுத்தி இவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூலை இன்று நினைப்பார் இலர். பொழுதுபோக்கென இகழப்பட்ட கதைகளே இவர் பெயரை நிலைநிறுத்தின.

இவை இலக்கியமாகுமா என்னும் வினா எழலாம். விடை எதுவாயினும், எழுத்துக்கூட்டிப் படித்தோரை முழுநூல் படிப்போராக்கியதில் இத்தகைய கதைகளுக்குப் பெரும் பங்குண்டு. பின்வந்த உயர்ந்த நாவலாசிரியர்கள் அவ்வாசகரையே தமக்கு முதலாகப் பெற்றனர். 1974இல் நமது திருநெல்வேலியில் அமைந்த யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவராய் விளங்கிய பேராசிரியர் கைலாசபதி, நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராயும் நெறியை நமக்குக் காட்டிச் சென்றார். அந்நெறி நிற்போர்க்கு வடுவூராரும் ஒதுக்கத்தக்கவரல்லர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். அரிய சுவடிகளைக் காத்தல் கடனென யாவரும் அறிவோம். அட்டை கிழிந்த பழைய நாவலைக் காப்பதும் கடனே. பழைய மாணவர் இல்லங்களில் அத்தகைய பிரதிகள் எஞ்சியிருப்பின், அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கு உதவுவார்களாக. இந்நாள் மாணவர் அவற்றை நாணமின்றி வாசிப்பார்களாக.