ஜார்ஜ் விட்ஃபீல்ட்

ஜார்ஜ் விட்ஃபீல்ட் (டிசம்பர் 16, 1714 – செப்டம்பர் 30, 1770) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவும் புகழ்பெற்ற நற்செய்திப் போதகரும் ஆவார். மெதடிச இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பாவிகளை மீட்புக்கு அழைப்பது கடவுளின் இறையாண்மைக்கு உட்பட்ட செயல் என்னும் கால்வினியக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டவர்.

இளமை

இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் விடுதி நடத்திய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1732 இல் ஆக்சுபோர்டு பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, வசதி படைத்த மாணவர்களுக்குப் பணிவிடை செய்து கல்வி பயின்றார். அங்கு ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் நட்பு கிடைத்தது. கடும் நோன்புகளால் உடல்நலம் குன்றினார். 1735 இல், மீட்பு தன் முயற்சியால் அன்றிக் கடவுளின் அருளால் கிடைப்பது என்ற உறுதியைப் பெற்றார்.

திறந்தவெளிப் பணி

1739 பெப்ரவரியில் பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் போதித்தார். அவ்வாண்டிலேயே ஜான் வெஸ்லியையும் இம்முறைக்கு இணங்க வைத்தார். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஏழு முறை பயணம் செய்தார். அங்கு நிகழ்ந்த பெரும் சமய எழுச்சியில் இவரது பங்கு முதன்மையானது.

வெஸ்லியுடன் கருத்து வேறுபாடு

முன்குறித்தல் கோட்பாட்டை மறுத்து 1739 இல் வெஸ்லி ஒரு பிரசங்கத்தை அச்சிட்டு வெளியிட்டார். சிலரை மட்டும் கடவுள் தெரிந்துகொண்டார் எனில் போதிப்பதே வீண் என்பது அவரது வாதம். இதற்கு விட்ஃபீல்ட் 1740 டிசம்பர் 24 நாளிட்ட கடிதத்தில் மறுமொழி எழுதினார். தெரிந்துகொள்ளப்பட்டோர் யாவர் என்பதை மனிதர் அறியார். ஆகவே அனைவருக்கும் போதித்தல் வேண்டும். போதனையே கடவுள் ஏற்படுத்திய அழைப்பின் வழி என அவர் விளக்கினார். 1741 இல் மெதடிச இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. வெஸ்லி சீட்டுப் போட்டு முடிவெடுத்ததை அக்கடிதத்தில் வெளிப்படுத்தியதற்காக விட்ஃபீல்ட் பின்னர் வருந்தி மன்னிப்புக் கேட்டார். கோட்பாட்டு வேறுபாடு நீடித்தபோதிலும் இருவரின் நட்பு மீண்டும் துளிர்த்தது.

விமர்சனம்

ஜார்ஜியாவில் 1740 இல் பெத்தெஸ்தா அனாதை இல்லத்தை நிறுவினார். அங்கு தடை செய்யப்பட்டிருந்த அடிமை முறையை அனுமதிக்குமாறு வாதாடினார். 1751 இல் தடை நீங்கிய பின் அடிமைகளின் உழைப்பை இல்லத்திற்குப் பயன்படுத்தினார். அனைவரையும் மீட்புக்கு அழைத்த இவரது வாழ்வில் இது பெருங்குறையாகக் கருதப்படுகிறது.

மறைவு

மாசச்சூசெட்ஸின் நியூபரிபோர்ட்டில் காலமானார். அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தின் பிரசங்க மேடைக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டார். இவரது விருப்பப்படி, 1770 நவம்பர் 18 அன்று இலண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லி.