காலடியில் கிடந்த காலம்

நுழையும்முன்

நாள்தோறும் நடந்து செல்லும் வழியை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. பழக்கத்தால் கடந்து போகிறோம். பலரும் மிதித்துச் சென்ற ஓரிடத்தில் ஒருவர் மட்டும் நின்றார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இந்நிலத்தில் மனிதர் வாழ்ந்த காலத்தைக் கணிக்க முடியாத தொலைவுக்குப் பின்னோக்கி நகர்த்தியது அந்தக் கல். அதனைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பணியும்

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். எந்நிலத்தில் எவ்வகைப் பாறை உள்ளது, அதன்மீது எவ்வகை மண் படிந்துள்ளது என்று ஊர் ஊராகச் சென்று கண்டு வரைபடத்தில் குறிப்பதே அவரது பணி. கால்நடையாகவும் குதிரையிலும் சென்று, கூடாரமடித்துத் தங்கி, ஆற்றங்கரைகளையும் மலைச்சரிவுகளையும் அளந்தறியும் கடினமான வாழ்க்கை அது. நிலத்தைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கத்தை அப்பணியே அவருக்குக் கற்பித்தது.

தமிழுலகோடு அவருக்குக் குடும்பத் தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்ப்பணியாற்றியவரும், ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை அவர் மணந்தார்.

பல்லாவரத்துக் குழி

சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரம் அக்காலத்தில் ஆங்கிலேயப் படையினர் தங்கியிருந்த முகாம். அங்கிருந்த பயிற்சித் திடலை அடுத்து, சரளை எடுப்பதற்காகத் தோண்டப்பட்ட சிறு குழியொன்று இருந்தது. காட்டு நடுவிலோ மலை உச்சியிலோ அமைந்த இடமன்று அது. மக்கள் வந்துபோகும் இடம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், அக்குழியிலிருந்து வெளிப்பட்ட செம்புரைச் சரளைக்கிடையே ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. மற்றக் கற்களைப் போலவே நிறமும் அழுக்கும் கொண்டிருந்தாலும் அதன் வடிவம் வேறாக இருந்தது.

நீரில் உருண்டு வந்த கல் வழவழப்பாக இருக்கும். அதன் முனைகள் மழுங்கியிருக்கும். தானே உடைந்த கல்லில் உடைவுகள் ஒழுங்கின்றி அமைந்திருக்கும். இந்தக் கல்லிலோ அடுத்தடுத்துச் சில்லுகள் பெயர்க்கப்பட்ட தடங்கள் தெரிந்தன. அத்தடங்கள் யாவும் ஒரு விளிம்பை உருவாக்கும் நோக்கத்தோடு அமைந்திருந்தன. ஒரு கை அதனைப் பிடித்திருக்க வேண்டும். மற்றொரு கை வேறொரு கல்லால் அதனைத் தட்டியிருக்க வேண்டும். அது குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லில் செய்யப்பட்ட, பழைய கற்கால மனிதரின் கருவி.

கண்ணுக்கு முன் அறிவு

அதே குழியைப் பலர் பார்த்திருக்க, ஃபூட் மட்டும் அதனைக் கண்டது எவ்வாறு? பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப்படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைப்பதாக பூஷே த பெர்த் என்பவர் பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. உலகம் தோன்றியே ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகள்தாம் ஆயின என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் அன்று வேரூன்றியிருந்தது. 1859இல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் சென்று ஆராய்ந்து, பூஷே த பெர்த் கூறியது உண்மையே என்று ஏற்றுக்கொண்டனர்.

அச்செய்தியை ஃபூட் அறிந்திருந்தார். மனிதர் செதுக்கிய தொன்மையான கல் எவ்வாறு இருக்கும் என்னும் தெளிவு அவர் மனத்தில் இருந்ததால், பல்லாவரத்துச் சரளையில் அது அவருக்குப் புலப்பட்டது. தற்செயலாகக் கிடைத்ததுதான் எனினும், ஆயத்தமாக இருந்த கண்ணுக்கே அது கிடைத்தது.

ஒரு கல் போதாது

ஒரே ஒரு கல்லைக் கொண்டு பெரிய முடிவுக்கு வருதல் அறிவியலாகாது. எனவே ஃபூட் தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் மாதம், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு கொசத்தலையாற்றுப் படுகைக்குச் சென்றார். அங்கே அத்திரம்பாக்கத்திற்கு அருகில், மழைநீர் அரித்த ஓடைகளில் கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் கிடைத்தன. அவை எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தன என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பது இவ்வாறு சான்றுகளோடு நிலைநாட்டப்பட்டது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அவர் போற்றப்படுவதற்கு இதுவே அடிப்படை.

சாம்பல் மேடுகள்

பெல்லாரிப் பகுதியில் சாம்பல் நிற மேடுகள் பல உள்ளன. அவை ஊரார் அனைவரும் அறிந்தவை. பீமன் கொன்ற அரக்கனை எரித்த சாம்பல் என்று ஒரு மேட்டையும், வாலியை எரித்த சாம்பல் என்று மற்றொரு மேட்டையும் மக்கள் சுட்டினர். எரிமலையின் எச்சம் என்று கருதியோரும் இருந்தனர். கதை ஒன்று வழங்கிவரும் இடத்தில் மீண்டும் கேள்வி எழுவது அரிது.

ஃபூட் அக்கேள்வியை எழுப்பினார். சாம்பலின் தன்மையையும், அதனருகே கிடந்த பானையோடுகளையும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினார். புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்து வைத்த இடங்களில் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே அது என்னும் முடிவுக்கு வந்தார். இருபதாம் நூற்றாண்டில் உட்னூர் என்னும் ஊரில் இத்தகைய மேடொன்று அகழப்பட்டபோது, மாட்டுத் தொழுவத்தின் தடயங்களும் மாடுகளின் குளம்படித் தடங்களும் வெளிப்பட்டு அம்முடிவை உறுதிசெய்தன. அரக்கனின் கதைக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் ஆநிரை காத்து வாழ்ந்த எளிய மக்கள்.

இடம் குறித்த கற்கள்

ஃபூட் 1891இல் அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் பரோடா, மைசூர் அரசுகளுக்காகவும் நிலவியல் ஆய்வு செய்தார். ஏற்காட்டைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேடிச் சேர்த்த தொல்பொருள்கள் அவரிடம் இருந்தன. அத்தொகுப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு உரிமையாயிற்று.

எந்தப் பொருள் எவ்விடத்தில் கிடைத்தது என்பதை அவர் கவனமாகக் குறித்துவைத்தார். இடம் தெரியாத கருவி அழகிய கல்லாக மட்டுமே எஞ்சும். இடம் தெரிந்த கருவியே வரலாற்றுச் சான்றாகும். அவர் 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அத்தொகுப்பின் விளக்கப் பட்டியல் நூல்கள் அவரது மறைவுக்குப்பின், 1914இலும் 1916இலும் வெளிவந்தன.

தொடரும் தேடல்

தாம் கண்டெடுத்த கருவிகள் மிகப் பழமையானவை என்பதை ஃபூட் அறிந்திருந்தார். ஆனால், அவற்றின் வயதை ஆண்டுக்கணக்கில் அளக்கும் முறை அவர் காலத்தில் இல்லை. பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான ஆய்வாளர்கள் அத்திரம்பாக்கத்தை விரிவாக அகழ்ந்தனர். ஒரு கல் நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும்போது அண்டக்கதிர்கள் அதனுள் சில அணுக்களை உண்டாக்குகின்றன; அது மண்ணுள் புதைந்தபின் அவ்வணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைகின்றன. எஞ்சியவற்றை அளந்தால் கல் புதைந்த காலத்தைக் கணிக்கலாம். அவ்வாறு கணித்ததில், அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்பது 2011இல் வெளியான ஆய்வின்வழித் தெரியவந்தது.

பல்லாவரம் இன்று வீடுகளும் சாலைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. வேறு பல ஊர்களிலும் கட்டுமானத்திற்காக நாள்தோறும் மண்ணும் சரளையும் அள்ளப்படுகின்றன. அவற்றோடு எத்தகைய சான்றுகள் அள்ளப்படுகின்றன என்பதை, அறிந்த கண்ணொன்று அருகிலிருந்தால்தான் உணர முடியும். நம் ஊரின் ஏரிக்கரையும் ஓடையும் மேடும் நமக்குப் பழக்கமானவை என்பதனாலேயே நாம் அவற்றை அறிந்தவர்கள் ஆகிவிடமாட்டோம். முதலில் கற்றல், பின்னர் உற்றுநோக்கல், அதன்பின் ஐயமறச் சோதித்தல், இறுதியில் உள்ளவாறு பதிவுசெய்தல் என்னும் நான்குமே ஃபூட்டின் வாழ்க்கை காட்டும் வழி. அவ்வழியில் செல்பவர், தாம் பிறந்த ஊரிலேயே புதிய செய்திகளைக் காண இயலும்.