புகைக் கூண்டுக்குள் போன ஹால்டேன்

உறைபனி முதலில் எங்கே படியும்னு நம்ம கொடைக்கானல் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏரிக்கரை, ஜிம்கானா மைதானம் மாதிரி பள்ளமான இடங்களில்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிந்து போய்ப் பள்ளத்தில் தங்கிவிடும். குளோரின் வாயுவும் அப்படித்தான், ஆனால் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியம் நாட்டின் இப்ரே நகருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை 150 டன் அளவுக்குக் குளோரினைத் திறந்துவிட்டது. குண்டுக்குப் பயந்து பதுங்குகுழியில் இருந்தவர்களைத் தேடிப்போய் அது குழியை நிரப்பியது. நான்கு நாள் கழித்து, நம் நாட்டு வீரர்கள் இருந்த லாகூர் டிவிஷனும் அங்கே விஷவாயுவில் சிக்கியது. மூக்கை மூட ஈரத்துணியை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அதற்குத் தடுப்பு தேடியவர்களில் ஒருவர்தான் நான் எழுத எடுத்துக்கொண்ட ஜே.பி.எஸ். ஹால்டேன். 1892-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சைப் பற்றியே ஆராய்ந்த விஞ்ஞானி. மகன் சிறுவனாக இருந்தபோது சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு மூச்சு வாங்கியது, கால் தளர்ந்து கீழே விழுந்தான். தரையிலோ நல்ல காற்று! மீத்தேன் லேசானது, மேலேதான் நிற்கும் என்பது பாடம். (எங்க வீட்டில் அப்பா இப்படிப் பாடம் நடத்தினால் அம்மா சும்மா விடமாட்டாங்க.)

போர் வந்ததும் மகன் ராணுவ அதிகாரியானார். குளோரின் தாக்குதலுக்குப் பிறகு அப்பாவை அரசாங்கம் பிரான்சுக்கு அனுப்பியது. அவர் மகனையும் உதவிக்கு வரவழைத்தார். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. அதற்குள் அளந்து குளோரினை விடுவார்கள். முகமூடி போட்டும் போடாமலும் உள்ளே போய், சக்கரம் சுற்றி, ஓடிப் பார்ப்பார்கள். கண் எரியும், இருமல் பிடுங்கும். தாங்க முடியாதபோது வெளியே வர, அடுத்தவர் உள்ளே போவார். எலியை விட்டுப் பார்த்தால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எந்த அளவில் மூச்சு எப்படித் திணறுகிறது என்று எலி வாய்விட்டுச் சொல்லாதே! மூச்சு சீராகும் முன்பே ஹால்டேன் போர்முனைக்குத் திரும்பினார். ஓட முடியவில்லை, அடிபட்டார்.

1916-ல் கரியும் மருந்தும் நிரப்பிய டப்பா முகமூடி வந்தது. படைகளில் விஷவாயுத் தடுப்புக்கென்றே அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது, மணியடித்து எச்சரிப்பது, சில நொடியில் முகமூடி மாட்டப் பழக்குவது அவர்கள் வேலை. இன்று நம் அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையிலும் ரசாயன விபத்துக்குப் பயிற்சி பெற்ற வீரர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. 1925-ல் ஹால்டேன் எழுதிய புத்தகத்தில், வெடிகுண்டைவிட விஷவாயு கொடுமை குறைந்தது என்று வாதாடினார். எத்தனை பெரிய மேதை சொன்னாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. குண்டு வந்தால் பள்ளத்தில் படுக்கலாம். வாயு வந்தால் எங்கே போவது?

மரபியலில் பெரும்புகழ் பெற்ற பிறகு, 1957-ல் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ச்சி செய்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964 டிசம்பர் 1-ல் புவனேசுவரத்தில் புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படியே, மாணவர்கள் படிப்பதற்காக அவர் உடல் ஆந்திராவின் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.