ஒரு வழி அடைத்தால் மறுவழி: பால் பேரன் கட்டாமல் விட்ட வலை

வாட்ஸ்அப்பில் நண்பருக்கு ஒரு படம் அனுப்புறீங்க. அது முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. நடுவில் ஒரு கேபிள் அறுந்தாலும், மீதித் துண்டுகளை வேறு பாதையில் திருப்பிவிட முடியும்.

1960களின் தொடக்கத்திலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் பால் பேரன். (பெயர்தான் பேரன். இணையத்துக்கு அவர் தாத்தா!)

1926இல், அப்போது போலந்தில் இருந்த குரோட்னோ நகரில் பிறந்தார். அவருக்கு 2 வயதானபோது குடும்பம் அமெரிக்கா சென்றது. அப்பா மளிகைக் கடை நடத்தினார். மகன் மின்பொறியியல் படித்தார்.

1959இல் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அது பனிப்போர்க் காலம். தொலைபேசிக் கட்டமைப்பு முக்கியமான சில நிலையங்களையே நம்பியிருந்தது. அங்கே குண்டு விழுந்தால்? தொடர்பு அறுந்துவிடும் என்ற பயத்திலேயே ஒரு தரப்பு அவசரப்பட்டு முதலில் தாக்கிவிடலாம். பேரனின் கவலை அதுதான்.

அவர் யோசித்தது மீன்வலை மாதிரி ஒரு கட்டமைப்பு. மையமே கிடையாது. ஒவ்வொரு முனையும் பக்கத்தில் உள்ள 3, 4 முனைகளோடு இணைந்திருந்தால் போதும். பல முனைகள் அழிந்தாலும், மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை பேசிக்கொள்ளும்.

தகவல் 1,024 பிட் துண்டுகளாகப் போகும். கையில் சூடான உருளைக்கிழங்கு இருந்தால் என்ன செய்வீங்க? உடனே அடுத்தவர் கையில் தள்ளிவிடுவீங்க இல்லையா? முனையும் அப்படித்தான். நல்ல பாதை அடைத்திருந்தால் காத்திருக்காது, அடுத்த சிறந்த பாதையில் அனுப்பிவிடும். வந்துசேரும் துண்டுகள் எத்தனை முனைகளைத் தாண்டி வந்தன என்று பார்த்தே அது பாதைகளைக் கற்றுக்கொள்ளும்.

தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி இதை ஏற்கவில்லை. நடக்காத காரியம் என்றார்கள். பேரன் விடவில்லை. 1964இல் தம் ஆய்வைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். பெரும்பாலானவை ரகசியமாக்கப்படவில்லை. எதிர்த்தரப்புக்கும் உறுதியான தொடர்பு இருப்பதே நல்லது என்று அவர் நினைத்தார்.

பிறகு அமெரிக்க விமானப்படை சம்மதித்தது. ஆனால் கட்டும் வேலை, மின்னிலக்கத் தொழில்நுட்பத்தில் அனுபவம் இல்லாத இன்னொரு தற்காப்பு அமைப்பின் கைக்குப் போகும் நிலை. இத்தனை வருடம் போராடியவர் என்ன செய்தார் தெரியுமா? திட்டத்தை நிறுத்தச் சொன்னார். மோசமாகக் கட்டித் தோற்றால், பிறகு யாரும் இந்த யோசனையைத் தொடவே மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. எனக்கு அதுதான் அவர் எடுத்த ஆகத் துணிச்சலான முடிவாகப் படுகிறது.

அதே சமயத்தில் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். துண்டுகளுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1969இல் அர்பாநெட் இயங்கத் தொடங்கியது. அணுகுண்டுக்குப் பயந்து அதைக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அது சரியல்ல. ஆய்வாளர்கள் கணினிகளைப் பகிர்ந்துகொள்ளத்தான் அர்பாநெட். குண்டுக் கவலை பேரனுடையது.

பேரன் 2011இல் கலிஃபோர்னியாவில் காலமானார். வயது 84. அவர் வரைந்த அந்த ராணுவ வலை கடைசிவரை கட்டப்படவே இல்லை.