எளியவை எல்லாம் பழையவை அல்ல

சேலையூரில் பருவமழை தொடங்கியதும் எங்கள் மதில் பச்சையாகிவிடும். அதைச் சுரண்டும்போதெல்லாம் சிவராம் காஷ்யப் நினைவுக்கு வருகிறார்.

1882இல் ஜீலத்தில் பிறந்தவர். ஆக்ராவில் மருத்துவம் பயின்றும் தாவரவியலையே நாடினார். கேம்பிரிட்ஜில் படித்து, லாகூர் அரசுக் கல்லூரியில் பேராசிரியரானார். மாஸ்களுக்கு உறவான, வேரும் பூவும் அற்ற லிவர்வொர்ட்டுகளைத் தேடி இமயத்தின் ஈரப் பாறைகளில் அலைந்தார். ஈரல் மடலை ஒத்த அச்சிறு தாவரங்களில் புதிய பேரினங்களையே கண்டறிந்தார். அவற்றைப் பற்றிய அவரது நூலின் இரு பகுதிகள் 1929இலும் 1932இலும் வெளிவந்தன. 1934இல் மறைந்தார்.

எளிய ரிக்சியாவிலிருந்தே சிக்கலான மார்கான்ஷியா வளர்ந்தது என்று பலர் கருதிய காலம் அது. காஷ்யப் திசையை மாற்றிப் படித்தார்: சிக்கலான உடலமைப்பு படிப்படியாகக் குறைந்தே ரிக்சியா உருவானது என்றார். இன்றைய மரபணு ஆய்வுகளும் ரிக்சியாவை அக்குடும்ப மரத்தின் அடியில் வைப்பதில்லை. பின்னாளில் கிளைத்த இனமாகவே காட்டுகின்றன.

பொருளாதாரம் கற்பித்த நான், ரோஸ்டோவின் வளர்ச்சிக் கட்டங்களைக் கரும்பலகையில் ஏணியாக வரைந்தவன். உழவை மட்டும் நம்பிய கிராமத்தை அடிப்படியில் நிறுத்தினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தறியை இழந்து நிலத்துக்குத் தள்ளப்பட்ட நெசவாளர்களும் அக்கிராமத்தில் இருந்தனர். அவர்கள் ஏணியில் ஏறாதவர்கள் அல்லர், இறக்கிவிடப்பட்டவர்கள். இந்த வேறுபாட்டை என் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொன்னதில்லை.

ஒன்று எளிமையாக இருக்கிறது என்பதாலேயே அது தொடக்கத்தில் நிற்கிறது என்று பொருளில்லை. வறுமையை அளக்கும் முன் அதன் வரலாற்றைக் கேட்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு, ஒரு தாவரவியலாளரிடம் நான் கற்ற பாடம் இது.