கிறீன் வைத்தியரின் தமிழ் வகுப்பு

மூச்சும் இதயத்துடிப்பும் நின்றுபோன குழந்தையின் மார்பை, அதன் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளிறங்கும்படி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சிறுவர் அவசர உயிர்காப்புப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் எவரும் முதலில் மனனம் செய்யும் கணக்குகளில் இதுவும் ஒன்று. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கினிகத்தேனை போன்ற மலையக ஊரில் தமிழில் படித்து வளர்ந்து தாதியான ஒருவர், பாடத்தோடு மொழியையும் வென்றாக வேண்டும்.

இந்தச் சிக்கலை 160 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் 1822 இல் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை. அடுத்த ஆண்டே மானிப்பாய். அங்கு நோயாளரைப் பார்த்தபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870 இல்தான் தொடங்கியது. மானிப்பாய் அதற்கு 22 ஆண்டுகள் முந்தியது.

ஆரம்பத்தில் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்துத் தாயும் பிள்ளையும் பழையபடி வைத்தியரின்றி இருந்தார்கள். விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பிய கிறீன், 1864 அளவில் கற்பித்தலை முழுவதும் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழர் நடுவிலேயே தங்குவார் என்பது அவர் கணக்கு.

அதற்குப் புத்தகங்கள் வேண்டும். பிரசவ வைத்திய நூல் 1857 இலேயே தமிழில் வந்திருந்தது. பின்னர் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று நூல்கள் தொடர்ந்தன. டான்போர்த், சப்மன் போன்ற அவரது தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தார்கள். சொல்லாக்கத்துக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவது, அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. கெமிஸ்தம் என்ற தலைப்பு அப்படி வந்தது. தூய்மையைவிட, மாணவனுக்கு விளங்குவதே அவருக்கு முக்கியம்.

1860களில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியபோது இந்தக் கல்வியின் பெறுமதி தெரிந்தது. ஒரு வைத்தியர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. அயலவர் மொழியில் பேசத் தெரிந்த, பயிற்சி பெற்ற பல கைகள் வேண்டும்.

உடல்நலம் குன்றி 1873 இல் ஊர் திரும்பிய பின்னும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. 1884 இல் இறந்தார். அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பாதியளவினர் தமிழில் படித்தவர்கள். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதையே தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் உண்டு. தமிழ் வகுப்புத்தான் அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

இறுதிப்போரில் பாடசாலைக் கட்டடங்களே வைத்தியசாலைகளாக மாறியதைக் கண்டவர்களுக்கு, காயப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் முதலில் நிற்பவர் வைத்தியராக இருப்பதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மலையகத்திலும் அதுதான் நிலை. தோட்டத்து லயத்தில் மூச்சுத் திணறும் குழந்தையை நாவலப்பிட்டிக்கோ டிக்கோயாவுக்கோ வளைந்த மலைப்பாதையில் கொண்டுசேர்க்க வேண்டும். அதுவரை அந்த உயிர் தாயின் கையிலும், தோட்டத்துப் பிள்ளை மடுவப் பணியாளரின் கையிலும், குடும்பநல உத்தியோகத்தரின் கையிலுமே இருக்கிறது.

தாதிக்கு ஆங்கிலப் பரீட்சை தேவையாக இருக்கலாம். ஆனால் முதலுதவியின் படிமுறைகள் இவர்கள் எல்லோருக்கும் தமிழில், செய்துகாட்டிப் பழக்கப்பட வேண்டும். பதறும் நேரத்தில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தொடங்கிய வேலையில், மலையகத்தில் இன்னும் செய்யப்படாமல் கிடக்கும் பகுதி அது.